கிணற்றடியில் பாசி இல்லை

நீ எழுதிய மூன்றாவது கடிதமும் வந்து சேர்ந்தது. முதல் கடிதத்தில் மரகதத்தை அனுப்பி வைக்கச் சொல்லியிருந்தாய். இரண்டாவதில் 'உடனே' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, அதற்குக் கீழே சிவப்பு மையில் கோடும் போட்டிருந்தாய். மூன்றாவதில், "என் மனைவியை அங்கே வைத்துக்கொள்ள உங்களுக்கு என்ன பாத்தியதை?" என்று கேட்டிருக்கிறாய். பேசத் தெரிந்த நாளிலிருந்து என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாய். கோபம் வந்ததும் மரியாதை வந்துவிட்டது. எதற்காவது வந்ததே, சந்தோஷம். நலமா என்று கேட்டுத் தொடங்குவது வழக்கம். நான் கேட்கப் போவதில்லை. இரண்டு மாதமாக ஓட்டல் சோறு தின்றும் நீ இளைத்துப்போகவில்லை என்பது பேனாவை அழுத்தியிருக்கும் அழுத்தத்திலேயே தெரிகிறது.

இந்த உறையை நான் ஒட்டவில்லை, கவனித்திருப்பாய். வீட்டு முகவரிக்கும் எழுதவில்லை, உன் ஆபீஸ் முகவரிக்கே எழுதியிருக்கிறேன். தபால்காரர் படிக்கட்டும். உன் பக்கத்து மேஜைக்காரர் படிக்கட்டும். ஒரு பிரதி உன் மாமியாருக்கும் போகிறது. மரகதத்திடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் செய்கிறேன். "படிக்கட்டுமுங்க அத்தை, மறைச்சு மறைச்சுத்தான் இத்தனையும் ஆச்சு" என்றாள். நீ சத்தமில்லாமல் செய்த காரியத்தை நாலு பேர் சத்தம் போட்டுப் படித்தால் எப்படி இருக்கும் என்று உனக்கும் தெரியவேண்டும்.

மூன்றாவது கடிதத்தின் நடுவில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "அவள் கிணற்றடியில் வழுக்கி விழுந்ததற்கெல்லாம் நான் பொறுப்பா?" ராசா, இந்த வரியை என்னிடம் எழுதலாமா? சக்குபள்ளம் பக்கத்து ஏலத்தோட்டத்து டிஸ்பென்சரியில் இருபத்தைந்து வருஷமாகப் பிரசவம் பார்க்கிறவளிடமா? 'வழுக்கி விழுந்தாள்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு என் காது காய்த்துப்போயிருக்கிறது. ஆடி மழையில், அட்டை கடிக்க, முதுகில் மூட்டையோடு சரிவில் இறங்குகிற ஆம்பளைகள் விழுவதில்லை. அடுப்படியில் சும்மா நிற்கிற வயிற்றுப்பிள்ளைக்காரி விழுவாள். சமதரையில் விழுவாள். பாயில் படுத்திருந்தவள்கூட விழுவாள். விழும்போது கையை ஊன்ற மாட்டாள், முழங்காலில் சிராய்ப்பு இருக்காது, நேராக வயிற்றிலும் விலாவிலும்தான் அடிபடும். இந்த மலையில் பூமி அவர்களை மட்டும் தனியாக இழுக்கும்போலிருக்கிறது. அவர்கள் சொன்னபடியே நானும் ரிஜிஸ்டரில் எழுதினேன். 'வழுக்கி விழுந்தது.' என் கையெழுத்தில் பக்கம் பக்கமாக அந்தப் பொய் கிடக்கிறது. உன்னை ஏச எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

இடுக்கி தனி மாவட்டமான வருஷம், நீ பாலக்காட்டில் ஹாஸ்டலில் இருந்தாய். உன் அப்பா இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்போது டவுனிலிருந்து ஒரு டாக்டர் ஜீப்பில் வந்தார். தோட்டத்துக் குழந்தைகள் ஏன் மாசம் நிறையாமலும் எடை குறைவாகவும் பிறக்கின்றன என்று கண்டுபிடிக்கப் போகிறாராம். கையில் மலையாளத்தில் அச்சடித்த கேள்வித்தாள். அவர் மலையாளத்தில் படிப்பார், நான் தமிழில் கேட்கவேண்டும், பதிலை அவர் எழுதிக்கொள்வார். என்ன சாப்பிடுகிறாய், காய்ச்சல் வந்ததா, வெற்றிலை போடுவாயா என்று போனது. ஒரு இடத்தில் 'விழுந்து அடிபட்டதுண்டா' என்று இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், அவங்களா விழுகிறதில்ல, தள்ளிவிடுறாங்க, மிதிக்கிறாங்க. அதையும் கேட்கணும்" என்றேன். ஸ்டெதஸ்கோப் திடீரென்று பேசினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தாளின் அடியிலும், புருஷன் உபத்திரவம் செய்வதுண்டா என்று ஒரு வரி கிறுக்கினார். எனக்கு அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோனது. ஒரு டாக்டர் என் பேச்சைக் கேட்டு ஒரு கேள்வி சேர்த்துவிட்டாரே என்று.

எங்கே வைத்துக் கேட்டோம் தெரியுமா? ஸ்டோருக்கு முன்னால், சாயங்காலம், பறித்த ஏலக்காயை நிறுத்துப் போடும் முற்றத்தில். பெண்கள் எப்படியும் வரிசையில் நிற்பார்கள், டாக்டருக்கு நேரம் மிச்சம். கங்காணி பிரம்போடு ஒரு பக்கம். புருஷன்மார் பீடியோடு ஒரு பக்கம். டாக்டர் நாற்காலியில். அவருக்குக் கேட்கவேண்டுமே என்று நான் உரக்கக் கேட்டேன்: "வீட்டுக்காரர் அடிப்பாரா?" இல்ல, இல்ல, அய்யே அவரா, இல்லம்மா. வரிசை நகர்ந்தது. "எங்க வீட்டுல நாந்தான் அடி வாங்குறேன் நர்சம்மா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு டாக்டரும் சிரித்தார். நானும் கொஞ்சம் சிரித்து வைத்தேன்.

அந்த வரிசையில் போடிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள். பெயரை மாற்றி எழுதுகிறேன், பாண்டியம்மாள் என்று வைத்துக்கொள். வயிற்றில் ஆறு மாதம். அவள் புருஷன் கருப்பையா, அதுவும் நான் வைத்த பெயர்தான், ஸ்டோரில் காய் உலர்த்தும் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன். கதவில் சாய்ந்துகொண்டு நின்றான். நான் கேட்டதும் பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தான் கேட்கிறேனா என்று பார்த்தாள். ஒரு மூச்சு நேரம். பிறகு "இல்ல" என்றாள். டாக்டர் 'இல்லை' என்று எழுதினார். அந்த ஒரு மூச்சை டாக்டரும் குறிக்கவில்லை, நானும் குறிக்கவில்லை. அவன் குறித்துக்கொண்டான்.

மறுநாள் அவள் காய் எடுக்க வரவில்லை. மத்தியானம் கூலிக்காரர்களின் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்குப் போனேன். சாக்கில் சுருண்டு கிடந்தாள், அடியில் ரத்தம். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டு. சாணி மெழுகிய தரை காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான் செய்யவேண்டியதைச் செய்தேன். குழந்தை பிழைக்கவில்லை. பிழைக்கிற வயசும் இல்லை அதற்கு. துணியில் சுற்றி வைத்துவிட்டு அவள் முகத்தைத் துடைக்கும்போதுதான் என் கையைப் பிடித்தாள். "அத்தன பேரு முன்னால ஏன் நர்சம்மா அதக் கேட்டீக? நான் இல்லன்னுதான சொன்னேன்? இல்லன்னு சொல்ல ஒனக்கு ஏன்டி அம்புட்டு நேரமுன்னு கேட்டுக் கேட்டு மிதிச்சான்."

டாக்டர் இரண்டு நாள் கழித்துத் தாள்களை எடுத்துப்போக வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டி, அந்தக் கடைசி வரியை மட்டும் விரலால் தடவிப் பார்த்து, "உங்க தமிழ் ஆளுகள் பரவாயில்லையே சிஸ்டர், ஒருத்தன்கூட இல்லை" என்றார். நான் பாண்டியம்மாளைப் பற்றிச் சொன்னேன். அவளுடைய தாளைத் தேடி எடுத்துப் பார்த்தார். "இவளும் இல்லைன்னுதானே சொல்லியிருக்கா?" என்றார். என் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் இரக்கப்பட்டு, "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றார். ஜீப் போய்விட்டது. அவர் கெட்டவராக இருந்தாலாவது சபித்துவிட்டு நிம்மதியாக இருப்பேன். அவருக்கு அசட்டை. படித்த அசட்டைக்கு எந்த டிஸ்பென்சரியிலும் மருந்து கிடையாது. ஆனால் ஒன்று, அந்த முற்றத்தில் கேட்டது அவருடைய வாய் இல்லை. என் வாய். அடிக்கிறவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடிப்பானா என்று ஒரு பெண்ணிடம் கேட்ட முட்டாள் நான்தான். ஒரு உயிர் போன பிறகும் என் பேரில் ஒரு கேள்வி வரவில்லை, சம்பளம் நிற்கவில்லை, எல்லோரும் என்னை நர்சம்மா என்றே கூப்பிட்டார்கள்.

அடுத்த வருஷம் பாண்டியம்மாளுக்கு மறுபடியும் வயிறு. அதற்குள் டிஸ்பென்சரியின் பின்னறையில் என் பழைய சேலை ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தேன். சோதனைக்கு அரைமணி ஆகும், ஆம்பளைகள் வெளியே பெஞ்சில்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதியை நானே உண்டாக்கியிருந்தேன். அவளைக் கட்டிலில் படுக்கவைத்து, வயிற்றில் கை வைத்து, முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டேன். திரும்பக் கேட்டேன்.

"நீங்க சொல்லுங்க நர்சம்மா" என்றாள். "ரைட்டர் அய்யா ஒங்கள அடிச்சதுண்டா?"

"இல்ல" என்றேன். நான் யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொன்னது. அவளுக்காவது ஒரு மூச்சு நேரம் ஆனது. எனக்கு அதுகூட ஆகவில்லை. இருபது வருஷப் பழக்கம்.

பாண்டியம்மாள் சிரித்தாள். "அப்ப எனக்கும் இல்ல. எழுதிக்கிடுங்க."

இனி எழுதப்போவது நீ உட்கார்ந்து படிக்கவேண்டியது. உன் அப்பா எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். எல்லோருக்கும் ரைட்டர் அய்யா. குடிக்கமாட்டார், சீட்டாடமாட்டார், நெற்றியில் விபூதி அழியாது. நீ வெள்ளிக்கிழமை தவறாமல் மாலை போடும் படத்தில் இருக்கிறாரே, அவரேதான். நீ வயிற்றில் ஏழு மாதம். கீழ் லயத்தில் ஒருத்திக்கு வலி எடுத்து, நான் போய்த் திரும்பியபோது அவருடைய சோறு ஆறிப்போயிருந்தது. ஆறின சோற்றுக்காக என்னைப் பிடித்துத் தள்ளினார். ஆட்டுரலின் விளிம்பில் போய் விழுந்தேன். அதற்கு முன்னாலும் உண்டு, பின்னாலும் உண்டு, ஆனால் அது உன் கணக்கில் சேர்ந்தது. நீ மாசம் நிறையாமல் பிறந்தாய். ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்றேன். நீ வளர்ந்து, ஏன் நான் சீக்கிரம் பிறந்தேன் என்று கேட்டபோதெல்லாம், "நீ அவசரக்காரன்டா, ஒலகத்தப் பாக்க ஓடி வந்துட்ட" என்று கன்னத்தைக் கிள்ளினேன். உன் கல்யாணப் பந்தியில் மரகதத்தின் சனங்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், நான் சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்று கேட்டேன். உன்னை அவசரப்படுத்தியது உலகம் இல்லை மகனே. உன் அப்பாவின் கை.

இதை முதன்முதலாகப் பாண்டியம்மாளிடம்தான் சொன்னேன். என் அம்மாவிடம் சொன்னதில்லை, சாமியிடம் சொன்னதில்லை. ஆறின சோற்றைப் பற்றிச் சொன்னேன், ஆட்டுரலைப் பற்றிச் சொன்னேன். அவள் வயிற்றில் வைத்த கையை எடுக்காமலே சொன்னேன். பிள்ளை உள்ளே உதைத்தது எனக்குத் தெரிந்தது. நான் முடித்ததும் "ரைட்டர் அய்யாவா" என்று மட்டும் ஒரு தரம் சொன்னாள். பிறகு தானாகவே ஆரம்பித்தாள். முடியைப் பிடித்தது, கழுத்தை நெரித்தது, விறகுக்கட்டை, கால். எந்த மாசம், எந்தக் கிழமை, எதற்காக என்று ஒவ்வொன்றும் அவளுக்கு நினைவிருந்தது. அதை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் ஆள்தான் இல்லாமல் இருந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்குக் கேட்கத் தெரிந்தது. 'அடிப்பாரா' என்று கேட்டால் பாதிப்பேர் மனசாரவே இல்லை என்பார்கள். "அடியெல்லாம் இல்லக்கா, ரெண்டு அறதான்" என்று ஒருத்தி சொன்னாள். ரத்தம் வந்தால்தான் அவர்கள் அகராதியில் அடி. அதனால் ஒவ்வொன்றாகக் கேட்கவேண்டும். தள்ளினாரா, முடியைப் பிடித்தாரா, சாப்பாட்டைப் பிடுங்கிக் கொட்டினாரா, வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாரா, காலைத் தூக்கினாரா. முதல் தடவை இல்லை என்றவள் எட்டாம் மாதத்தில் ஆமாம் என்பாள், ஆகவே ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது. மாமியார் கூட வந்திருந்தால் அன்றைக்குக் கேட்கவே கூடாது. பெயர் எழுதக் கூடாது. எடை எழுதும் நோட்டில், எடைக்குப் பக்கத்தில், ஒரு புள்ளி வைப்பேன், அவ்வளவுதான். யார் பார்த்தாலும் மை சிந்தியது என்று நினைப்பார்கள். எத்தனை புள்ளி சேர்ந்தது என்று உனக்குச் சொல்லமாட்டேன். சொன்னால் நீ குமாஸ்தா, உடனே சராசரி போட்டு, நான் அதற்குக் கீழேதான் இருக்கிறேன் என்று மார்தட்டுவாய்.

நோட்டை எடுத்துக்கொண்டு மானேஜரிடம் போனேன். புள்ளி உள்ளவளின் குழந்தை எடையையும் இல்லாதவளின் குழந்தை எடையையும் காட்டினேன். "குடும்ப விஷயத்துல எஸ்டேட் தலையிடாது" என்றார். மனிதனிடம் பேசுவதை விட்டுவிட்டு மானேஜரிடம் பேசினேன். பிள்ளை தங்காவிட்டால் இவளெல்லாம் கம்பத்துக்கும் போடிக்கும் இறங்கிவிடுவாள், திரும்ப வரமாட்டாள், அப்புறம் காய் எடுக்க யார் இருக்கிறார்கள் என்றேன். அது அவருக்கு உடனே புரிந்தது. காலியாகக் கிடந்த உர மூட்டை அறையைத் திறந்துவிட்டார். நாலு கட்டில் போட்டேன். எட்டாம் மாதத்திலிருந்து பெண்கள் அங்கேதான் தங்கவேண்டும், டாக்டர் உத்தரவு என்று சொன்னேன். எந்த டாக்டரும் உத்தரவு போடவில்லை.

பாண்டியம்மாள்தான் முதல் ஆள். இரண்டாம் நாள் கருப்பையா வந்து வாசலில் நின்று கத்தினான். "எம்பொண்டாட்டிய அனுப்புறியா இல்லையா?" அப்படியே உன் கடிதம்தான், அவனுக்குச் சிவப்பு மைதான் இல்லை. நான் ஒரு காகிதத்தை எடுத்துப்போய் நீட்டினேன். "முத்திர பாத்தியா? கையெழுத்துப் போட்டுட்டுக் கூட்டிட்டுப் போ. அவளுக்கு ஏதாச்சும் ஆனா போலீஸ் ஒன்னயத்தான் தேடும்." பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவன். ஊதா முத்திரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனான். மருந்துப்பெட்டி வந்து சேர்ந்தது என்று பில்லில் குத்துகிற முத்திரை அது. வயிற்றில் மிதிக்கத் தெரிந்த வீரன் அதற்குப் பயந்துபோனான். இவர்கள் தைரியத்தின் அளவு அவ்வளவுதான். உன்னுடையதும் அதைவிடப் பெரிசு இல்லை. ஆபீஸில் மேலதிகாரி ஏசினால் நீ கையைக் கட்டிக்கொண்டுதானே நிற்கிறாய்? அவரை நீ கிணற்றடியில் தள்ளுவதில்லையே?

பாண்டியம்மாள் பெண் குழந்தை பெற்றாள், மாசம் நிறைந்து. அவள் அவனை உதறிவிட்டுப் போனாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. முப்பதாம் நாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே லயத்துக்குத் திரும்பினாள். போக வேறு இடம் இல்லை. ஆனால் அடுத்த பிள்ளைக்கு ஆறாம் மாதமே பாயைச் சுருட்டிக்கொண்டு தானாக வந்து நின்றாள். "எட்டு வரைக்கும் காத்திருக்க முடியல நர்சம்மா" என்றாள். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான் ஏதோ சாதித்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த நாலு கட்டிலுக்கு வெளியே நடப்பதை என்னால் நிறுத்த முடியவில்லை.

இப்போது உன் வீட்டுக்கு வருகிறேன். மாசி மாதம், பாலக்காட்டுப் பக்கம் பெருமாட்டியில், உன் வீட்டிலேயே வளைகாப்பு. முதல் பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு விடுவதுதான் முறை. அஞ்சு மைலில் இருக்கிற தாய்வீட்டுக்கு நீ அவளை விடவில்லை, உனக்குச் சமைக்க ஆள் வேண்டுமாம். பஸ் மாறி மாறி நான் வந்து இறங்கியபோது நீ சலவைச் சட்டையில் வாசலில் நின்று எல்லோருக்கும் சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்தாய். நல்ல மாப்பிள்ளை என்று நாலு பேர் சொன்னார்கள். மரகதத்துக்குக் கையில் சந்தனம் பூசினேன். முழங்கைக்கு மேலே தொட்டதும் பல்லைக் கடித்தாள். உன் மாமியார் நான் கேட்கும் முன்பே பதில் சொன்னார்: "ஏனுங்க சம்பந்தி, முந்தாநேத்துக் கெணத்தடில வழுக்கி உளுந்துட்டாளுங்க. பாசி புடிச்ச கல்லுங்க." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் வளையல் தட்டைப் பார்த்தார். அந்தப் பார்வையும் எனக்குத் தெரிந்த பார்வைதான்.

பந்தி நடக்கும்போது பின்னால் போய்க் கிணற்றடியைப் பார்த்தேன். துவைக்கிற கல்லில் உள்ளங்கையை வைத்தேன், சுட்டது. தண்ணீர் அடியில் கிடந்தது. அந்த வறண்ட சீமையில் மாசி மாதத்தில் பாசி பிடிக்கத் தண்ணீர் ஏது? மரகதத்தை உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன். எதையும் கேட்கவில்லை. முதலில் என் கதையைச் சொன்னேன், உன் அப்பாவின் பெயரைச் சொல்லியே சொன்னேன். கை நிறையப் பச்சை வளையலோடு அந்தப் பெண் என் மடியில் முகத்தை வைத்து அழுதது. "நானா உளுகலீங்க அத்தை" என்றது. நாலாம் மாதம் அறை. அஞ்சாம் மாதம் முடி. ஏழாம் மாதம், சட்டைக்குக் கஞ்சி போதவில்லை என்று, கிணற்றடியில் தள்ளிவிட்டுக் காலும். உன் அப்பாவுக்காவது ஆறின சோறு. உனக்குச் சட்டைக் காலர்.

அன்றைக்கே கூட்டிக்கொண்டு கிளம்பினேன். மாமியாரே மருத்துவச்சி, பிரசவத்துக்கு அழைத்துப் போகிறாள் என்று ஊரே பாராட்டியது, நாலு பேர் முன்னால் உன்னாலும் தடுக்க முடியவில்லை. உன் மாமியார் மட்டும் பஸ் ஸ்டாப்புக்கு ஓடிவந்து, "கட்டுன ஊட்டுல நாலும் இருக்குமுங்க சம்பந்தி, பேசித் தீத்துக்கோணுமுங்க" என்றார். "நாலும் இருக்கட்டும், வயித்துல மிதிக்கிறதும் அதுல ஒண்ணா?" என்று கேட்டேன். கண்டக்டர் விசில் அடித்துவிட்டான். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவரை நான் ஏசமாட்டேன். இருபது வருஷம் நானும் அப்படித்தான் நின்றேன்.

அப்பாவின் ரத்தம்தானே எனக்கும் என்று இப்போது ஒரு சாக்கு உன் மனசில் முளைத்திருக்கும். முளைக்கும் முன்பே கிள்ளிவிடுகிறேன். நான் அவரைப் பற்றி உன்னிடம் பொய் சொன்னேன். அவர் என் மேல் கை ஓங்கியதை மறைத்து, தங்கமான மனுஷன் என்று சொல்லி வளர்த்தேன். அந்தப் பாவம் என்னுடையது, அதை நான் சுமந்துகொள்கிறேன். ஆனால் கிணற்றடியில் தூக்கியது உன் கால். அதை யாரும் உனக்குக் கடன் கொடுக்கவில்லை. இதே தோட்டத்தில், அப்பன் அடிக்கிறதைப் பார்த்து வளர்ந்து, பெண்டாட்டி மேல் ஒரு விரல் வைக்காத ஆம்பளைகளும் இருக்கிறார்கள். எழுத்து வாசனை இல்லாதவர்கள். நீ பி.ஏ. படித்தாய். எதற்கு என்று இப்போது தெரிகிறது, 'பாத்தியதை' என்று எழுதுவதற்கு.

உன்னை நான் வெறுக்கிறேனா என்று மரகதம் நேற்றுக் கேட்டாள். பெற்ற வயிறு, வெறுக்க முடியவில்லை என்றேன். உன்னை மதிக்க முடியவில்லை, அதுதான் உண்மை. நீ ஒரு வயசில் காய்ச்சலில் துடித்தபோது உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு குமுளி வரைக்கும் நடந்தவள் நான். அன்றைக்குப் பயந்ததைவிட இன்றைக்கு உன்னை நினைத்தால் அதிகம் கூசுகிறது.

கடைசியாக ஒன்று. மூன்று கடிதத்திலும் பிள்ளையைப் பற்றி நீ ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். உனக்குப் பெண் குழந்தை பிறந்து இன்றோடு ஒன்பது நாள். மாசம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்தாள், என் கையில்தான் விழுந்தாள், முதல் அழுகையே லயம் வரைக்கும் கேட்டதாம். உனக்குத் தந்தி கொடுக்கட்டுமா என்று கேட்டேன், மரகதம் வேண்டாம் என்றாள். பெயர் அவளே யோசித்துக்கொண்டிருக்கிறாள். பார்க்கவேண்டும் என்று தோன்றினால் கம்பத்திலிருந்து காலை பஸ் ஏறி வா. வாசலில் நில், உள்ளே வராதே. நீ வந்திருப்பதை அவளிடம் சொல்வேன். எதுவும் எடுத்துச் சொல்லி உனக்காகப் பேசமாட்டேன். அவள் கூப்பிட்டால் வந்து பார். கூப்பிடாவிட்டால், நாலரைக்கு மலை இறங்குகிற பஸ் இருக்கிறது.

அம்மா